பாரம் ஏற்றாத வண்டி

என் மச்சானுக்குச் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். அதிலும் பின்சக்கரத்தில் காற்று நிற்காது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். ‘வண்டி டாக்டர்’ என்று பட்டப்பெயர் வேறு. பானட்டைத் திறந்து பார்த்து “ம்” என்பான். விற்கிறவன் அதிலேயே விலையைக் குறைத்துவிடுவான்.

எனக்குத் தச்சுவேலை. அண்ணனோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து தனிப் பட்டறை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒரு விடுதிக்கு அறுபது கதவு செய்யும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டட மேஸ்திரி ஒரே போடாகப் போட்டுவிட்டார்: திங்கட்கிழமைக்குள் சொந்த வண்டியோடு வந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அது போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு அண்ணனிடமே கூலிக்கு நிற்க வேண்டும்.

அப்போதுதான் அந்த பிக்கப்பைப் பற்றிக் காதில் விழுந்தது. இருபது வருடத்து வண்டி; வைத்திருந்தவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி விற்கிறார், ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள். சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். டாக்டர் உடனே வைத்தியம் சொன்னான்.

“இப்படிக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்த வண்டிய மூட்டை முடிச்சு ஏத்துறவனுக்குக் குடுப்பாங்களா? தச்சன்னு மூச்சு விடாதீங்க மாமா.”

நானும் புத்தி கெட்டுப்போய்த் தலையாட்டினேன். கல்யாண வரவேற்புக்குத் தைத்த வெள்ளைச் சட்டை, கடன் வாங்கிய ஷூ, போதாததற்கு சென்ட். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு அலட்டவில்லை.

அந்த அம்மா வண்டியின் மேல் கிடந்த போர்வையை விலக்கிக் காட்டினார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. பின்பக்கத் தொட்டியில் முகம் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் பூனை மாதிரி உறுமியது. டாக்டர் பானட்டுக்குள் தலையை விட்டான். “ம்” சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வெளியே எடுத்தான்.

எதற்கு வண்டி என்று அந்த அம்மா விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சுற்று, மற்ற நாளெல்லாம் துடைத்து மூடி வைப்பேன் என்று அளந்துவிட்டேன். தனி ஷெட் கட்டப்போவதாக மச்சான் தன் பங்குக்குக் கூரை வேய்ந்தான்.

“ஒரு பீரோகூட ஏத்த மாட்டீங்களா?”

“ஒரு தலையணைகூட ஏத்த மாட்டேம்மா.”

அவர் குனிந்து என் ஷூவைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறுன அன்னைக்கு நல்ல மழை. சேறு படும்னு இத வெளிய எடுக்கல. பக்கத்து வீட்டு வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நேத்து தீவனக் கடைக்காரர் வந்தாரு. தினம் நாப்பது மூட்டை ஏத்துவேன், வண்டி நாறிப்போயிரும்னு சொன்னாரு. நீங்க வர்றதாச் சொன்னீங்களேன்னுதான் அவர நிறுத்தி வச்சேன்.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்து, வண்டி அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் தச்சன் என்றேன், அறுபது கதவு என்றேன், திங்கட்கிழமை என்றேன். பொய் சொன்னது தப்பு என்று கையெடுத்தும் கும்பிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

“முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கே குடுத்திருப்பேனே தம்பி.”

மச்சான் நைசாகக் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அவன் குரல்வளையைப் பிடிக்கலாமா என்று ஆத்திரம் வந்தது.

தீவனக் கடை தெருமுனையில்தான் இருந்தது. மனுஷன் பணத்தோடு நிற்காமல், வெள்ளோட்டம் பார்க்கத் தள்ளுவண்டியில் இரண்டு மூட்டையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என்னை அந்த வீட்டு ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, “ஒரு கை புடிங்க சார்” என்றார்.

பிடித்தேன். மூட்டை விழுந்ததும் தவிடு பறந்து சட்டையெல்லாம் அப்பியது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த வண்டி ஒரு விரல் அளவு தாழ்ந்தது. அந்த அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னொண்ணையும் ஏத்துங்க தம்பி,” என்றார்.

ஏற்றினேன்.