இரண்டு வாரத்துக்கான பங்கர்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பார்சலுக்குக் காத்துநின்றபோது யோகமலர் அக்கா சொன்னது. நான் எழுதுகிறவன் என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சைரன் ஒலித்ததும் யோகமலர் தரையில் விழுந்து..."

[பொய். அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொத்தானை அமத்தி அந்தச் சைரனை நாளுக்கு நாற்பது தரம் ஊதவைப்பார்கள். அங்கே துப்புரவு வேலை செய்யும் அவர் தன்பாட்டுக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பார். அவர் விழவேண்டும் என்று ஆசைப்பட்டது நான்.]

2

மிசிசாகாவில் ஒரு சிறிய அருங்காட்சியகம்.* ரஷ்ய விமானங்கள் வடதுருவம் தாண்டி அணுகுண்டோடு வரும் என்று இந்தப் பகுதி பயந்திருந்த காலத்தின் ராணுவ நினைவுகள் அங்கே இருக்கின்றன: ராடர் திரை, விமானிகளின் சீருடை, நடுவில் 1961இல் ஒரு குடும்பம் வீட்டுக்கடியில் கட்டி, பிறகு இங்கே பெயர்த்து வைத்த கொங்கிறீற் பதுங்கறை. இரண்டு வாரத்துக்கான, ரின்னில் அடைத்த சாப்பாடு, பொழுதுபோகச் சீட்டுக்கட்டு. ஒருவரும் அதில் ஒருநாள்கூட ஒளிந்திருந்ததில்லை. யோகமலர் அக்கா ஆறு வருடமாக அதைக் கூட்டித் துடைக்கிறார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஸ்டெபனியிடம் சொன்னார். ஸ்டெபனி இங்கே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, கண்காட்சிக்குப் பொறுப்பானவள்.

"உந்த வாசல் பிழை, பிள்ளை. 'ட' மாதிரி வளைச்சு வெட்டவேணும். நேரா விட்டால் செல் குண்டு வெடிச்சுப் பீஸ் உள்ளுக்க வரும்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். வன்னியில் போரின் கடைசி ஐந்து மாதத்தில் பதுங்கியிருக்க ஏழு பங்கர் வெட்டியதை அக்கா சொன்னார். ஏழாவதில் மகள் நிரூபா செத்ததையும் சொன்னார். ஸ்டெபனி அழுதாள். ஆண்டுவிழாவில் பத்து நிமிடம் பேசச் சொன்னாள். அக்கா இரண்டு கிழமை எழுதி எழுதிப் பாடமாக்கினார்.

விழாவுக்கு முதல்நாள் ஸ்டெபனி நிலத்தைப் பார்த்தபடி வந்தாள்.

"அன்ரி, உங்கட கதை எங்கட ரீஜனின்ர ஹெரிடேஜ் இல்லையாம். மனேஜ்மென்ற் வேண்டாம் எண்டிட்டினம்."

கதிரை அடுக்க மட்டும் வரமுடியுமா என்று அதே மூச்சில் கேட்டாள்.

* பெயர் தரமாட்டேன். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும்.

3

முடிவு அ: அக்கா மைக்கைப் பறிக்கிறார். [சினிமா.]

முடிவு ஆ: வேலையை விட்டுவிட்டு [ஐம்பத்தெட்டு வயதில், நோகும் அந்த முழங்காலோடு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்?]

நடந்தது: கதிரை அடுக்கினார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். ராடர் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், வராத எதிரிக்காகக் காத்திருந்த வருடங்களைச் சொல்லி அழுதார். சபை எழுந்து கைதட்டியது. அக்காவும் தட்டினார்.

"மனுசன் உண்மையாத்தான் பயந்திருக்கு," என்றார் என்னிடம்.

அடுத்த கிழமை அந்த அறைக்கு முன்னால் புதுப் பலகை முளைத்தது. வாசல் வளைந்திருப்பதே பாதுகாப்பு என்று அனுபவசாலிகள் சொல்கிறார்களாம். எந்த அனுபவசாலி என்று அதில் இல்லை. பலகையையும் அக்காதான் துடைக்கிறார்.

4

மனம் உறுத்தியதால் போன் எடுத்து, எழுதியது முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏழாவது பங்கரைப் பற்றி மூன்று வசனம் வைத்திருந்தேன். நல்ல வசனங்கள்.

"நீங்கள் அங்க நிண்டனீங்களோ, தம்பி?"

இல்லை என்றேன்.

"அப்ப வெட்டுங்கோ."

வெட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். அப்படியானால் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். பிறகு நான் அழைத்தும் எடுக்கவில்லை.

[ ]

வாசகரே, ஏழாவது பங்கருக்கான இந்த இடம் வெறுமையாகவே இருக்கும். நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.