பத்து மைக்ரான்

மகனின் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நட்டுகளைத் திருகி எடுத்தேன், பலகைகளைச் சுவரோரம் சாய்த்தேன், தரையைக் கூட்டினேன். ஏழு மாதமாக இப்படித்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போ என்றால் போகிறேன். அழவில்லை. அழாத தாயைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் போல. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டில் இருந்த இடத்தில் லேத், இரும்பு கடைகிற இயந்திரம், வர வேண்டும். மகன் வேலை பார்த்த பட்டறையின் மூலையில் கிடந்த பழைய சின்ன லேத் அது. வேலை முடிந்த பிறகு அதில்தான் அவன் தனக்கென்று ஒரு மாடல் எஞ்சின் செய்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் உட்காருகிற அளவுக்கு ஒரு எஞ்சின். "அவன் தொட்ட மெஷின், வேற யாரும் தொட வேணாம். நீங்களே வெச்சுக்கோங்கக்கா" என்று பட்டறைக்காரர் நாலு பேரை வைத்துத் தூக்கி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் எஞ்சினும் வந்தது. பிஸ்டன் ஒன்றைத் தவிர எல்லாம் பூட்டியிருந்தது. பிஸ்டனும் இருந்தது. நான்தான் அதை வேண்டாம் என்று தள்ளியிருந்தேன்.

நான் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக மைக்ரோமீட்டரும் கையுமாக உட்கார்ந்து, அளவு தப்பிய உருப்படிகளைச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் பிழைப்பு. முதுகுக்குப் பின்னால் 'ரிஜெக்ட் அக்கா' என்பார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகன் பக்கத்துத் தெருப் பட்டறையிலிருந்து ஓடிவந்து பிஸ்டனை நீட்டினான். வாங்கி, என் பையிலிருந்த மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். பத்து மைக்ரான் கூடுதல். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. "பெருசா இருக்குடா. சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும். வேற செய்" என்றேன். என் முகத்தையே பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டு, "சரிம்மா" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்த வார வெள்ளிக்கிழமை காலை வண்டியில் போனவன் நாற்சந்தியைத் தாண்டவில்லை.

அதனால் இன்னொரு பிஸ்டனை நான்தான் செய்தாக வேண்டும். அந்த எஞ்சின் ஒரு தடவையாவது ஓட வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்தபோது லேத் ஓட்டியதோடு சரி, அப்புறம் அடுத்தவர் கடைந்ததைக் குறை சொல்லியே காலம் போய்விட்டது. ஆனால் லேத்தை எப்படி நிறுத்த வேண்டும் என்பது மறக்கவில்லை. ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஜன்னல் பக்கமாக ஓடியது. பிஸ்கட் டப்பாவின் தகரத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிக் காலுக்கு அடியில் கொடுத்தேன். ஒரு காலுக்குக் கொடுத்தால் எதிர்மூலைக் கால் தூக்கியது. இரண்டு நாள் இதிலேயே போயிற்று.

வீட்டுக்காரருக்கு பேக்கரியில் காலை வேலை. மதியம் மாவு படிந்த சட்டையோடு வந்து பார்த்தார்.

"நாலு காலும் தரையிலதானே நிக்குது, அப்புறம் என்ன?"

"நிக்கிறது வேற, முறுக்கில்லாம நிக்கிறது வேற. கொஞ்சம் முறுக்கினாலும் ஒரு முனை தடியா, ஒரு முனை ஒல்லியா கடையும்."

"என்னைக் கட்டிக்கிறப்போ இவ்வளவு பாத்தியா நீ?"

"பாத்திருந்தா நீங்க செவப்புப் பெட்டியிலதான் கிடந்திருப்பீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் மட்டும் பழைய பழக்கத்தில் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எலெக்ட்ரீஷியன் வந்து தனி சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். உளியைச் சரியான உயரத்துக்கு ஏற்றினேன். ஒரு இரும்புத் துண்டைப் பூட்டிக் கடைந்து பார்த்தேன். இரண்டு முனையும் ஒரே அளவு. சிவப்புப் பெட்டியில் போட ஒன்றும் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பசிக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. அலுமினியத் தண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். வெட்டுவதற்கு முன்னால், மகன் எந்த இடத்தில் தப்பு செய்தான் என்று தெரிந்துகொண்டால் நான் அதே தப்பைச் செய்யாமல் இருக்கலாமே என்று, அட்டைப்பெட்டியில் துணி சுற்றிக் கிடந்த அவனுடைய பிஸ்டனை எடுத்து அளந்தேன்.

சரியாக இருந்தது.

மேலே, நடுவே, கீழே என்று அளந்தேன். சரியாகவே இருந்தது. மைக்ரோமீட்டர்மேல் சந்தேகம் வந்து அதையும் சோதித்தேன். அதில் கோளாறு இல்லை. பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு சிலிண்டரில் வைத்தேன். தள்ளவே வேண்டியிருக்கவில்லை, தானாக மெதுவாக உள்ளே இறங்கியது.

அதை வெளியே எடுத்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டேன். துடைத்துவிட்டு அளந்தேன். பத்து மைக்ரான் கூடுதல்.

சூடான உலோகம் விரியும். ஆறவைத்துத்தான் அளக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். சூட்டோடு கொண்டுவந்து நீட்டியவர்களை இருபத்திரண்டு வருஷமாக விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவன் லேத்திலிருந்து எடுத்த கையோடு ஓடிவந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அளந்தேன்.

வீட்டுக்காரர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். நான்தான் சூட்டோட அளந்துட்டேன்."

குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே வந்து சொன்னான். 'அம்மா சூட்டோட அளந்துட்டாங்கப்பா, அசதியா வந்தாங்க பாவம், இப்ப சொன்னா நொந்துக்குவாங்க. ஞாயித்துக்கிழமை லீவுல ஆறவெச்சுப் புதுசு மாதிரி நீட்டறேன்'னான். அதுக்கென்ன, நீயே மாட்டி ஓட்டிப் பாக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். அம்மா பாஸ் பண்ணாம மாட்ட மாட்டேன்னுட்டான்."

"ஏழு மாசமா ஏன் சொல்லல நீங்க?"

"எப்படிச் சொல்வேன்? நீ தண்ணி குடிக்கவே நான் சொல்ல வேண்டியிருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. ஏழு மாதத்தில் முதல்முதலாக எனக்குள் அசைந்தது அதுதான். அது இவர்மேல் வந்த கோபம் இல்லை. மகனுடைய அறைக்குப் போனேன். பிஸ்டன் கையில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் எதிரே நிற்பதுபோலத்தான் கத்தினேன், தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏண்டா, உங்கம்மாவுக்குத் தப்பே வராதா? எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டு நான் கணக்காப் பாத்திருக்கேன்! தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன? நான் என்ன வெளியாளா? எனக்கு நோகும்னு உன்னை யாருடா பாக்கச் சொன்னா?"

கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை, திட்டுவதை நிறுத்தவும் தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே ஓட்டிப் பாத்திருப்பியேடா, பாவி!"