வாய்தாவுக்கு யார் கூலி

பரசுராமன் ஒரு நாளும் செண்பகத்தை மிரட்டியதில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். கோர்ட்டு வராந்தாவில் பார்த்தால் முதலில் கும்பிடுவது அவர்தான். "வாம்மா, டீ சாப்ட்டியா? ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகினு ஏன் பேஜாரு படற? நம்ம காரு காலியாத்தான் போவுது" என்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கழிவு இரும்பை அள்ளும் காண்டிராக்ட் அவருடையது. அரசியல் கட்சிக்காரர் என்பதால் அடிமாட்டு விலைக்கு அள்ளுவார். லாரி வைத்திருந்த லோகு, அதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று கம்பெனியில் பேசிவிட்டு வெளியே வந்தான். கேட்டுக்கு எதிரிலேயே கம்பியால் அடித்து அவன் காலை முறித்தார் பரசுராமன். ஷிப்டு முடிந்து அங்கே நின்றவர்கள் எத்தனையோ பேர். போலீஸ் விசாரித்தபோது பார்த்தால், எல்லோருக்கும் சொல்லிவைத்தாற்போல அதே நேரத்தில் செருப்பு வார் அறுந்திருக்கிறது, குனிந்துகொண்டிருந்தார்களாம். பார்த்தேன் என்று சொன்னது ஆரம்பாக்கத்துச் செண்பகம் ஒருத்திதான். லோகு அவளுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை.

அவளுக்குப் பக்கத்துக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலியோடு அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். அவள் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போகிற நாளாகப் பார்த்து பரசுராமனின் வக்கீலுக்குக் காய்ச்சல் வரும். காய்ச்சல் இல்லாவிட்டால் சீனியர் ஊரில் இருக்க மாட்டார். உடனே வாய்தா.

இதில் யாருக்கு என்ன செலவு என்று பாருங்கள். வழக்கு முடியாதவரை பரசுராமன் குற்றவாளி இல்லை. காண்டிராக்ட் ஓடும், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம், அந்த இரும்புக் காசிலேயே போஸ்டரும் அடிக்கலாம். காலண்டர் கையில் இருக்கும்போது கத்தி எதற்கு? செண்பகத்துக்கோ ஒவ்வொரு தேதிக்கும் வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்தது. ஒரு மாதம் மகளின் ஸ்கூல் ஃபீஸே நின்றது.

ஏழாவது வாய்தா அன்று காலையில், அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சூப்பர்வைசர் மணிகண்டன் போன் செய்தான்.

"அக்கா, இன்னிக்கும் லீவுன்னா நாளைக்கு கேட்டாண்ட வராதீங்க. நான் இன்னா பண்றது, மேல சொல்றாங்க."

செண்பகத்துக்கு வயிறு எரிந்தது. அடித்தவன் மேல் மட்டுமல்ல, அடிபட்ட லோகு மேலும் எரிந்தது. ஆனாலும் பஸ் ஏறினாள்.

கோர்ட்டில் பரசுராமனின் வக்கீல் வழக்கம்போல எழுந்து, சீனியர் ஊரில் இல்லை என்று வாய்தா கேட்டார். நீதிபதி அம்மா அடுத்த தேதி பார்க்க டைரியைத் திருப்பியபோது செண்பகம் முன்னால் வந்தாள்.

"அம்மா, வாய்தா கேக்கறது அவங்க. கூலி போறது எனுக்கு. கேக்கறவங்களையே அந்தக் கூலியக் குடுக்கச் சொல்லுங்கம்மா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. என்ன சொல்றீங்க?" என்று வக்கீலைக் கேட்டார்.

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் பரசுராமன் பர்ஸை எடுத்துவிட்டார். "தாராளமா குடுத்துடறேன் மேடம்! அடுத்த வாய்தாவுக்கும் சேத்து இப்பவே வாங்கிக்கட்டும்."

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"அடுத்ததுக்கும் சேத்தா?" நீதிபதி டைரியை மூடினார். "அப்போ வாய்தா உங்களுக்குக் கட்டுப்படியாகுது. காசை உள்ள வைங்க. சாட்சி வந்திருக்காங்க, இப்பவே விசாரிப்போம்."

செண்பகம் கூண்டில் ஏறினாள். பார்த்ததைச் சொன்னாள், அடித்தவரைக் கையால் காட்டினாள். சொல்லி முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை அலைச்சல் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

தயாராகாமல் வந்த வக்கீல் குறுக்கு விசாரணையில் கையில் கிடைத்ததை எடுத்து வீசினார். "இந்தக் கேஸால இன்னிக்குக் காலையில உங்க வேலை போயிடுச்சு. அந்தக் கோவத்துலதானே என் கட்சிக்காரர் மேல பழி போடறீங்க?"

"கோவம் இருக்குது சார். ஊட்டுக்குப் போய் அழத்தான் போறேன். ஆனா லோகு கால ஒடச்சது இவருதான்." செண்பகம் வக்கீல் பக்கம் திரும்பினாள். "என் வேல போனத நான் இன்னும் ஊட்டுக்காரராண்டகூடச் சொல்லல. உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

வக்கீல் பரசுராமனைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதியும் பார்த்தார்.

"சாட்சி கேட்டதையும் அப்படியே டைப் பண்ணும்மா" என்றார் நீதிபதி, டைப்பிஸ்டிடம்.