மாதா கோயில் வாசலுக்குப் போன பனிச் சில்லுகள்

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கடைசியில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டுமல்லவா. வெண்பனி விழுந்தறியாத எங்கள் யாழ்ப்பாணத்தில், பனிமேல் ஓடவென்று செய்த நாலு வண்டிச் சில்லுகள் ஒரு மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு ஓடின. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கேட்கும்போது நம்பாவிட்டாலும் பரவாயில்லை, முடிந்தபிறகு நம்பினால் போதும்.

குருநகரில் ஜெசிதா என்று ஒரு பெண். பெரிய கறுப்பு ஜீப் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடுகிறவள். கலியாண வீடுகளுக்கெல்லாம் அந்த ஜீப்பைத்தான் தேடி வருவார்கள். அதன் அழகே சில்லுகளில்தான் இருந்தது. வெள்ளித் தாம்பாளம்போலப் பெரிய றிம். அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை பிடித்ததுபோல ரயர். ஜெசிதாவுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சாமானும் ஏன் அப்படி வேலை செய்கிறது என்று அறியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவளுடைய கணவன் சுரேஸ் கடலுக்குப் போகிறவன். "உவள் ஒருநாளைக்கு என்னையும் கழட்டிப் பாத்துத்தான் பூட்டுவாள்" என்று சொல்லிச் சிரிப்பான்.

சுரேசின் சின்னம்மாவின் மகள் ஜெயனி. அவளுக்குச் சிறு வயதில், சண்டை நடந்த காலத்தில், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. இப்போது பொய்க்கால் போட்டுக்கொண்டு, நல்ல உசாராய்த் தையல்கடை நடத்துகிறாள். றொகான் என்கிற பெடியனை அவளே விரும்பி, கலியாணமும் நிச்சயமாகியிருந்தது. பிறந்த ஊரில், ஞானஸ்நானம் பெற்ற அதே மாதா கோயிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்தக் கோயிலோ வடமராட்சியின் கிழக்குக் கரையில், மணலுக்கு நடுவே நிற்கிறது. தார் றோட்டு முடிகிற இடத்திலிருந்து கோயில் வாசல்வரை வெறும் மணல். அதில் பொய்க்காலை வைத்தால் உள்ளே போய்விடும், இழுத்தால் வராது. ஊன்றுகோலும் அப்படித்தான்.

"வாசலிலை கொண்டுபோய் இறக்கிறது என்ரை பொறுப்பு" என்று ஜெசிதா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வழி பார்க்கப் போனாள்.

தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டி, பருத்தித்துறை தாண்டி, கரையோரமாய்ப் போய்த் தார் முடிகிற இடத்தில் ஜீப்பை மணலில் இறக்கினாள். கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும், முன்சில்லுகள் உள்ளே போய்விட்டன. கூடப் போயிருந்த சுரேஸ் இறங்கிப் பார்த்தான்.

"காத்தைக் குறைப்பம். கரையிலை வள்ளம் இழுக்கிற மிசினுக்கு நாங்கள் அப்பிடித்தான் செய்யிறது. ரயர் பரந்து நிக்கும், தாழாது."

காற்றைக் குறைத்தார்கள். ஜீப் அசைந்து வெளியே வந்தது. ஆனால் மணலுக்குள் கிடந்த ஒரு கல்லில் ஏறியதும் றிம் நேரே கல்லில் இடித்து, நடுவில் அகப்பட்ட ரப்பர் பிய்ந்து போனது. கடைசியில் உழவு மிசின் ஒன்று வந்துதான் ஜீப்பை இழுத்து வெளியே எடுத்தது.

சுரேஸ் மாற்றுச் சில்லைப் பூட்டும்வரை ஜெசிதா பிய்ந்த ரயரின் பக்கத்தில் குந்தியிருந்தாள். விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"இஞ்சை பாருங்கோ. காத்துக் குறைஞ்சால் ரயருக்குத் தொந்தி விழவேணும். இதுக்குத் தொந்தி விழ எங்கை இடம்? முழுக்க இரும்பெல்லே. றிம் சின்னனா இருந்து, மிச்ச இடமெல்லாம் ரப்பரா இருந்தால் போயிருக்கும்."

"தொந்தியிலை இவ்வளவு நன்மை இருக்கெண்டு கனிசியஸ் பெரியப்பாவுக்குச் சொல்லவேணும். ஆள் சந்தோசப்படுவார்" என்றான் சுரேஸ்.

அந்தக் கனிசியஸ் பெரியப்பாதான் கலியாணத்துக்கு மூத்தவர். ஜீப் புதைந்த செய்தி ஜெயனி வீட்டுக்கு வந்ததும், தன் பெரிய உடம்பைக் கதிரையில் சாய்த்துக்கொண்டு, அவர் ஒரு வழி சொன்னார்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? பிள்ளையை வடிவான கதிரையிலை இருத்தி, நாலு பெடியள் தூக்கிக்கொண்டு போகட்டும். திருநாளுக்கு மாதாவைத் தூக்கிற மாதிரி."

"மாதா கதைக்கமாட்டா, பெரியப்பா. நான் கதைப்பன்" என்றாள் ஜெயனி.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துவிட்டு ஜெசிதாவைப் பார்த்தாள்.

"மச்சாள், கால் போன நாளிலை என்னைச் சாக்கிலை போட்டுத்தான் தூக்கிக்கொண்டு ஓடினவை. அதுக்குப் பிறகும் எத்தினை பேர் தூக்கிச்சினம். குறை சொல்லேல்லை, அவை தூக்காட்டி நான் இல்லை. ஆனா கலியாணத்தண்டைக்கு ஒருநாளாவது நானா வந்து இறங்கவேணும். என்னைக் கொண்டுவந்து வைச்சதா இருக்கக்கூடாது."

கதிரை யோசனை அத்தோடு போனது. ஜெசிதாவுக்கு அன்றிரவு முழுவதும் சில்லுத்தான் நினைவு.

ஊரெல்லாம் விசாரித்தாள். அவளுடைய ஜீப்புக்குப் பூட்டக்கூடிய சின்ன றிம் எங்கேயும் கிடைக்கவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் காலையில்தான், கோப்பாயில் ஜப்பான் வாகனங்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கிற மயூரதன் என்பவரிடம் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உடனே போனாள். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியிலிருந்து வாழைத்தோட்டம்வரை கதவுகளும் கண்ணாடிகளுமாய்க் குவிந்து கிடந்தன.

"எல்லாரும் பெரிய றிம் கேட்டுத்தான் வாறவை, அக்கா. சின்னன் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார் மயூரதன். "ஏன் எண்டு அறியலாமோ?"

ஜெசிதா சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே ஜீப்பின் முன்சில்லைக் கழற்றி, கிடந்ததில் சின்ன றிம் ஒன்றை வைத்துப் பார்த்தார். அது உள்ளே போகவே இல்லை. சில்லுக்குள் இருந்து பிறேக்கைக் கவ்வுகிற இரும்புப் பிடியில் முட்டிக்கொண்டு நின்றது.

"றிம்மைச் சின்னனாக்க ஆசைப்பட்டாலும் பிறேக் விடாது. இதுக்கு ஒரு பருமன் கூடினது வேணும்." தலையைச் சொறிந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய், மூலையை மூடியிருந்த படங்குத் துணியைத் தூக்கினார். அடியில் நாலு கறுப்புச் சில்லுகள், ரயரோடு. தூசி படிந்து, பூச்சும் மினுக்கமும் இல்லாமல் கிடந்தன.

ஜெசிதா ஒன்றை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். ரயரின் முகமெல்லாம் நெளிநெளியாய், மயிரிழைபோல எண்ணமுடியாத கீறல்கள். நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

"இதென்ன தம்பி, ஆரோ பிளேட்டாலை கீறி விட்டிருக்கு?"

"கீறினதில்லை, அக்கா. செய்யேக்கையே அப்பிடித்தான். பனி கொட்டுற நாடுகளிலை மாரிக்கெண்டு தனியா ஒரு ரயர் பூட்டுவினமெல்லே, அது. ஜப்பானிலை வடக்குப் பக்கம் ஓடின ஜீப்போடை வந்தது. அழிறப்பர் மாதிரி மெத்தெண்டு இருக்கும், அமத்திப் பாருங்கோ. எங்கடை வெயிலுக்குக் கெதியாத் தேஞ்சுபோகும் எண்டு ஒருத்தரும் எடுக்கேல்லை."

அமர்த்திப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

"இவ்வளவு கீறல் என்னத்துக்கு?"

"பனியைக் கவ்விப் பிடிக்கவாம்."

"பனி எப்பிடி இருக்கும்? மணல் மாதிரிச் சரியுமோ, மா மாதிரிப் பிடிபடுமோ?"

"எனக்கெங்கை தெரியும். பிரிட்ஜுக்குள்ளை சுரண்டிப் பாத்திருக்கிறன். அதுதான் நான் கண்ட பனி."

"அந்தளவிலை பாத்தால் நான் உம்மைவிடக் கூடக் கண்டிருக்கிறன். எங்கடை வீட்டிலை மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கிறதே நான்தான்."

இரண்டு பேரும் அந்தச் சில்லின் முன்னால் குந்தியிருந்து யோசித்தார்கள். பனியில் ஓடுவது மணலில் ஓடுமா, அல்லது அந்தக் கீறலெல்லாம் மணலை வாரிக் குழி தோண்டிவிடுமா? ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்று கண்ணெதிரே கிடக்கும்போது எழுந்து போக இருவருக்கும் மனமில்லை.

"முதல்லை பூட்டுப்படுதோ எண்டு பாப்பம்" என்று மயூரதன் எழுந்து, முன்னாலிருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ரொட்டிக்குக் குழைத்த மா உருண்டை ஒன்று.

"தின்னவோ?"

"அளக்க."

மாவில் கொஞ்சம் பிய்த்து, எண்ணெய் தடவி, பிறேக்கின் இரும்புப் பிடிமேல் அப்பினார். பனிச் சில்லைத் தூக்கிவைத்து நட்டுகளை இறுக்கி, கையால் மெல்லச் சுற்றிவிட்டார். பிறகு கழற்றினார். றிம் உரசிய இடத்தில் மா நசிந்து தட்டையாய் இருந்தது. ஆனால் அறுபடவில்லை.

ஜெசிதா அதை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தாள். "ரொட்டித் தடிப்புக்கு இடம் கிடக்கு."

"போதும். அறுந்திருந்தால் நான் தரமாட்டன்."

"ஓடிச் சூடானாப் பிறகும் இந்த இடம் இருக்குமோ?"

மயூரதன் அவளை ஒருதரம் பார்த்தார். "நல்ல கேள்வி."

மற்றச் சில்லுகளையும் பூட்டி, இருபாலைச் சந்திவரை ஓடிவிட்டு வந்து, மறுபடி மா அப்பிப் பார்த்தார்கள். அப்போதும் அறுபடவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் இரண்டாம் உருண்டை கொடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடையை விட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"கொண்டுபோங்கோ, அக்கா. கெதியா ஓடாதேங்கோ, வளைவிலை நெளியும். எனக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். உது மணலிலை என்ன செய்யுதெண்டு நான் நேரை நிண்டு பாக்கவேணும்."

"கலியாணத்துக்கு வாரும். நானே கூப்பிடுறன்" என்றாள் ஜெசிதா.

மறுநாள் காலையில், பூவும் றிபனும் கட்டிய ஜீப் மணப்பெண் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, வெளியே வந்தவர்களின் முகம் ஒரு மாதிரிப் போனது. வெள்ளித் தாம்பாளங்களைக் காணோம். கறுத்த, உப்பிய, வெறும் இரும்புச் சில்லுகள்.

கனிசியஸ் பெரியப்பா சுற்றி வந்து பார்த்தார். "என்ன பிள்ளை, ஜீப்பின்ரை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பாட்டாச் செருப்புப் போட்டுவிட்டிருக்கிறாய்?"

வெள்ளைச் சேலையோடு வாசல்படியில் நின்ற ஜெயனி சொன்னாள்: "என்ரை காலும் அப்பிடித்தானே, பெரியப்பா. வடிவுக்கில்லை, போறதுக்கு."

பெரியப்பா பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். பின்னிருக்கையில் அவரும் இரண்டு மாமிமாரும், நடுவில் மணப்பெண்ணும் தோழியும், முன்னால் சுரேஸ். மயூரதன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். ஜெசிதா ஆறுதலாகவே ஓட்டினாள். வளைவுகளில் ஜீப் சற்றே நெளிந்து நிமிர்ந்தது. ரயரிலிருந்து வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் வழியெல்லாம் வந்தது.

தார் முடிந்த இடத்தில் சுரேஸ் இறங்கிக் காற்றைக் குறைத்தான். நாலு ரயருக்கும் அழகாய்த் தொந்தி விழுந்தது. ஊர்ச்சனம் பனிச் சில்லைப் பார்க்கவென்றே மணலின் இரு பக்கமும் வந்து நின்றது. கோயில் வாசலில் றொகான் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்த்துப்போய் நின்றான்.

ஜீப் மணலில் இறங்கியது. போனது. முன்பு புதைந்த இடத்தையும் தாண்டிப் போனது. பின்னிருக்கையில் மாமிமார் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பாதி வழியில், காற்று மணலை வாரி மேடாக்கியிருந்த இடத்தில், வேகம் குறைந்தது. பின்பக்கம் மெல்ல இறங்குவதை ஜெசிதா தன் முதுகிலேயே உணர்ந்தாள். கால் தானாக அழுத்தப் பார்த்தது. அழுத்தினால் சில்லுச் சுற்றும், சுற்றினால் குழி விழும். காலை எடுத்தாள். ஜீப் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். மயூரதனும் ஓடி வந்து குந்தினார். முன்சில்லுகள் மணலின்மேல் பாய் விரித்ததுபோல நின்றன. பின்சில்லுகள்தான் தாழ்ந்திருந்தன.

"சில்லிலை பிழையில்லை, அக்கா" என்றார் மயூரதன் தாழ்ந்த குரலில். "பின்னுக்குப் பாரம்."

யாரிடம் எப்படிச் சொல்வது என்று ஜெசிதா யோசிப்பதற்குள், திறந்த ஜன்னலால் ஜெயனியின் குரல் வந்தது.

"எல்லாரும் இறங்குங்கோ. என்னையும் மச்சாளையும் விட்டிட்டு எல்லாரும் இறங்குங்கோ. பெரியப்பா, நீங்கள் முதல்லை."

"நானோ? இந்த மணலுக்குள்ளையோ?"

"நாலு பெடியளைக் கூப்பிடட்டோ, கதிரையோடை?"

கூட்டத்தில் யாரோ சிரிக்க, பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே இறங்கினார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். மாமிமார் சேலையைத் தூக்கிக்கொண்டு மணலில் விழுந்தெழும்பி நடந்தார்கள்.

ஜெசிதா ஏறினாள். பின்னால் எடுத்து, தன் தடத்திலேயே கொஞ்சம் போய், மறுபடி முன்னே வந்தாள். மெல்ல, ஒரே சீராக, நிறுத்தாமல். மேட்டில் ஏறும்போது ஜீப் ஒருதரம் தயங்கியது. பிறகு மணலை மிதித்து மேலே வந்துவிட்டது. மயூரதன் ரயரைப் பார்த்தபடியே பக்கத்தில் ஓடி, மணலில் படர்ந்த ஒரு அடம்பன் கொடியில் தடக்கி விழுந்து, எழுந்து மறுபடி ஓடினார்.

"மச்சாள், பனியிலையும் இப்பிடித்தான் போகுமோ?" என்று கேட்டாள் ஜெயனி.

"தெரியாதடி. கதை குடுக்காதை."

கோயிலின் சீமெந்துப் படியில் முன்சில்லுத் தொட்டு நின்றது. றொகான் ஓடிவந்து கையை நீட்டினான்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் ஜெயனி.

கதவைப் பிடித்தாள். பொய்க்காலை முதலில் மிதிபலகையிலும் பிறகு படியிலும் ஊன்றினாள். மற்றக் காலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். சேலையைச் சரிசெய்து நிமிர்ந்து நின்றாள். நின்ற பிறகு, தன் கையை அவனுக்கு நீட்டினாள்.

மணலில் நடந்து வந்தவர்களுக்காகப் பாதர் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் பூசையைத் தொடங்கினார்.

கீறலா, தொந்தியா, எது மணலில் காப்பாற்றியது என்று ஜெசிதாவும் மயூரதனும் சாப்பாட்டுப் பந்தியிலும் தீராமல் கதைத்தார்கள். கீறல் இல்லாத ரயரை அதே அளவு றிம்மில் பூட்டி ஒருதரம் ஓடிப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவுகட்டி, அதற்கு நாளும் குறித்துக்கொண்டார்கள். போனார்களா, என்ன கண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, குஞ்சுகளே.

நீங்கள் எழும்பிப் போகுமுன் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து புறப்படுகிற ஒவ்வொருவரும், போக நினைத்த வாசலுக்கு, தாங்கள் நினைத்த விதமாகவே போய் இறங்கட்டும். போய் இறங்குகிற இடத்தில் அவர்களுக்காக ஒரு கை காத்திருக்கட்டும்.