சூரிய அடுப்பும் கேஸ் லிஸ்டும்

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் குளிர்கால வெயிலைப் போல் டெல்லியில் பிறகு ஒரு வெயில் அடிக்கவில்லை என்பது அம்சவேணியின் கட்சி. அந்த வருஷம்தான் சர்க்கார் சூரியனைக் கண்டுபிடித்திருந்தது. அவள் கணவர், குமாஸ்தா கலியமூர்த்தி சலுகை விலையில் ஒரு சூரிய அடுப்பு வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் வைத்தார். கண்ணாடி மூடி போட்ட பெட்டி. உள்ளே கறுப்பு பூசிய நாலு டப்பா.

அவர் எட்டே முக்கால் பஸ்ஸுக்குச் சாப்பிட்டாக வேண்டும். பெட்டிச் சோறோ மதியம் ஒரு மணிக்குத்தான் வேகும். ஆகவே அவருக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ். அம்சவேணிக்கும் கீழ்வீட்டு இந்திராணிக்கும் சூரியன். பெட்டியை வெயில் பக்கம் திருப்பித் திருப்பி வைத்து, பட்டாணி உரித்து, ஸ்வெட்டர் பின்னி, ஊர் வம்பையெல்லாம் வேகவைத்தார்கள்.

ஒருநாள் கலியமூர்த்தி அறிவித்தார். “கருத்து கேட்க ஆபீசர் வரார். ‘மிகவும் திருப்தி’ன்னு சொல்லிடு. எங்க டிபார்ட்மென்ட் மானம்.”

“சொல்லிட்டு? இவளுக்குக் கேஸ் எதுக்குன்னு லிஸ்ட்லேர்ந்து பேரை அடிச்சிட்டா? ஆறு வருஷமா காத்திருக்கோம். மண்ணெண்ணெய் க்யூவுல நீங்களா நிக்கிறீங்க?”

ஆபீசர் ராமமூர்த்தி பதினோரு மணிக்கு மாடியேறி, மூச்சு வாங்கி முடித்துப் பிரசங்கத்தில் இறங்கினார். “எண்ணெய் தீர்ந்து போகும், தாயே! எதிர்காலம் சூரியனுடையது!”

“அந்த எதிர்காலத்தைக் கொஞ்சம் ஜல்தியா, காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க சார்” என்றாள் இந்திராணி.

அம்சவேணி நேராகவே கேட்டாள். “திருப்தின்னு எழுதினா கேஸ் லிஸ்ட்ல பேரு போயிடுமா?”

“அது வேற மந்திராலயம்மா, வேற மினிஸ்ட்ரி. நாங்க எழுதுறதை அவங்க படிக்கிறதே இல்லை.”

“உங்க வீட்டுல எதுல சமைக்கிறாங்க?”

“கேஸ்தான்” என்றார், படிவத்தைப் பார்த்தபடி.

“அச்சா! அப்ப மிகவும் திருப்தின்னே போட்டுக்குங்க.”

எண்பத்தைந்தில் கேஸ் வந்தது. கலியமூர்த்தி சிலிண்டருக்குக் குங்குமம் வைத்தார். எட்டு மணிக்கே சமையல் முடிந்தது. அடுத்த மாதம் இந்திராணி வீட்டிலும் கேஸ் வந்தது. மார்கழியில் ஒருநாள் பதினோரு மணிக்கு இந்திராணி வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, மாடிக்குப் போலாமா?”

“எதுக்குடி?” என்று கேட்டுவிட்டாள் அம்சவேணி.

இந்திராணி கையிலிருந்த ஸ்வெட்டர் பின்னலைத் தலைப்புக்குள் செருகிக்கொண்டாள். இருவரும் வாசலில் நின்றபடியே கேஸ் அடுப்பின் பெருமையைக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.