ஈரத்தலைக் கேள்வி

கல்யாணம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்று பேசியதற்காக, தென்காசியில் ஒரு கூட்டத்தில் வடிவாம்பாள் மேல் செருப்பு விழுந்தது. அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் நான். செருப்பு விழுந்த பிறகும் அந்த அம்மாள் விட்ட இடத்திலிருந்து பேசினார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் வகுத்த விதி எளிது. வருடந்தோறும் குற்றாலம் சீசனில் கணவனும் மனைவியும் அருவிக்குப் போக வேண்டும். ஆண்கள் பக்கம் அவனும் பெண்கள் பக்கம் அவளும் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டுமுன் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்: இந்த வருசமும் சேர்ந்திருப்போமா? குளிரில் நடுங்குகிறவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவர் வாதம். கேட்காத வருடம் கல்யாணம் இல்லை. குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று ஊர் ஏசியது. நானோ, இந்த விதிக்குத் தலையாட்டிய பிறகுதான் போலீஸ்காரர் மணிமுத்துவையே கட்டிக்கொண்டேன்.

இந்த வருடம்தான் சிக்கல். பல மாதங்களாக எங்களுக்குள் சிலிண்டர், பால் பாக்கெட் தவிர வேறு பேச்சில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சீசன் முடியப்போகிற நேரத்தில் மெயினருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். கயிறு கட்டி ஆட்களைத் தடுக்கிற டூட்டி என் வீட்டுக்காரருக்கே. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா மேல் எனக்கே சந்தேகமும் வந்தது.

அருவியில் குளிக்கவே முடியாவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வடிவாம்பாள் கதை ஒன்று உண்டு. சாரலே பெய்யாத ஒரு வருடம் அருவிப் பாறை காய்ந்து கிடந்தது. விதிப்படி கல்யாணம் செல்லாது என்று சொல்லிவிட்டு இலத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில் தண்ணீர் விழுந்து, கேட்டு, பதில் வாங்கிய பிறகே திரும்பினார். கொள்கை என்றால் இது என்று நானே எத்தனையோ மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வருடம் இரண்டு பேருக்கும் எப்படிப் போனது என்று கேட்கத்தான் தோன்றவில்லை. இப்போது அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை.

வடிவாம்பாள் இறந்துவிட்டார். கணவர் சங்கரபாண்டி குத்துக்கல்வலசையில் தனியாக இருக்கிறார். பஸ் பிடித்துப் போனேன். வழக்கமாகப் பேட்டி எடுக்க வருகிற ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, டிவி சத்தத்தைக் குறைக்கவே இல்லை. அந்த வருடம் நீங்கள் ஏன் போய்க் கூப்பிடவில்லை என்று கேட்டதும் டிவியை அணைத்தார்.

"எங்களுக்குள்ள அப்ப சரியில்லம்மா. அருவி விழலன்னதும் எனக்குச் சந்தோசம். கேக்க வேண்டாம்லா. வீட்டுக் கெணத்துல தண்ணி கெடந்துச்சு. ஒரு வாளி மோந்து தலையில ஊத்திட்டுக் கேட்டிருக்கலாம். அவ கேப்பான்னு நான் இருந்தேன். நான் வருவேன்னு அவ அங்கன இருந்திருக்கா. ஒரு வருசம் வீணாப் போச்சு."

நான் கைதட்டு வாங்கிய கொள்கை, இரண்டு பேரின் பயம். எனக்கு வடிவாம்பாள் மேல் கோபம் கோபமாக வந்தது. செருப்புக்கு அஞ்சாதவர், புருசன் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்கு அஞ்சியிருக்கிறார். யோசிக்க யோசிக்க, முன்னைவிட அவரைப் பிடித்தும் போனது.

அங்கிருந்து நேராகக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மழைக்கோட்டும் தொப்பியுமாக விசிலடித்துக்கொண்டிருந்தார் மணிமுத்து. நான் குடையை மடக்கினேன். சாரல் தலையில் இறங்கியது.

"ஏட்டி, தடைன்னு தெரியாதா? ஒருத்தரையும் விடப்பிடாது."

"குளிக்க வரல. கேக்க வந்தேன்," என்றேன். குளிராலோ பயத்தாலோ பல் கிட்டியது. "இந்த வருசமும் சேந்திருப்போமா?"

கூட்டம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். என் தலையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாரலில் நின்றார்.

"இரு," என்றார். "எனக்கும் தல நனையட்டும். நானும் கேக்கணும்லா."