லொறி ஓடிய தூரம்

தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் லக்ஷிகா கொழும்புக் கம்பெனியின் ஜீப்பில் வந்து இறங்கினாள். அது 2009. ஒரு கிலோ தேயிலை தயாராவதற்குள் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்பதைப் பைக்கற்றிலேயே அச்சிட வேண்டும் என்று வெளிநாட்டில் வாங்குபவர்கள் கேட்டிருந்தார்கள். அதை அளப்பதுதான் அவள் வேலை. அளப்பதற்கு இந்தத் தோட்டத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கனகசபைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகப் பேசினார்.

“விறகு எல்லாம் எங்கட சொந்த யூகலிப்டஸ் தோப்பில இருந்துதான், பிள்ளை. வெட்ட வெட்டத் திரும்ப நடுறம். அப்படியெண்டால் கணக்கில பெரிசா வராதுதானே?”

“வராதுங்க சேர். நட்ட மரம் அந்தப் புகையத் திரும்ப எடுத்துக்கும். காட்டு மரம்னாத்தான் முழுசும் சேரும்.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

1998இல் இதே தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர் அவளுடைய அப்பா வீரமலை. அரசாங்கக் காட்டில் வெட்டிய மரங்கள் தொழிற்சாலை முற்றத்தில் பிடிபட்டபோது, “இவன்தான் களவாய் வெட்டிக் கொண்டுவந்தவன்” என்று வீரமலையைக் காட்டிக்கொடுத்தவர் கனகசபை. வீரமலை ஏழு மாதம் பதுளைச் சிறையில் கிடந்தார். தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்து அறையும் போயிற்று. அம்மா அங்கம்மா மழையில் நனைந்த மூட்டைகளோடு பஸ்ஸில் ஏறியபோது லக்ஷிகாவுக்குப் பதின்மூன்று வயது.

மூன்று நாள் அவள் எல்லாவற்றையும் அளந்தாள்: மின்சாரம், உரம், அடுப்பு விழுங்கும் விறகின் எடை. கடைசியாக, டீசலைக் கணக்கிட லொறியின் ஓட்டப் புத்தகத்தைக் கேட்டாள். கனகசபை யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். தோப்பு இருப்பது இரண்டு கிலோமீற்றரில். விறகு லொறியோ ஒவ்வொரு நடைக்கும் போகவர முப்பத்தாறு கிலோமீற்றர் ஓடியிருந்தது.

மறுநாள் காலை டிரைவர் வாஹிதின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“வழக்கமா விறகு ஏத்துற எடத்துக்கே போங்க, வாஹித் நானா. தூரம் பாக்கணும்.”

வாஹித் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பதினெட்டாவது கிலோமீற்றரில் காடு வந்தது. வெட்டிய அடிமரங்களில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒன்றுவிடாமல் படம் பிடித்தாள்.

அவள் காட்டுக்குப் போனது தெரிந்து, அன்று மாலை கனகசபையின் குரல் தாழ்ந்திருந்தது.

“பிள்ளை, எனக்கு ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம்தான். அறிக்கையில அந்த விறகுக் கணக்கை மட்டும் மாத்திவிடுங்கோ.”

“வீரமலைன்னு ஒருத்தர ஞாபகம் இருக்குங்களா?”

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

“நான் அவரு மக. தொண்ணூத்தெட்டுல அந்த மரத்தக் கொண்டாரச் சொன்னது யாருன்னு எழுதிக் குடுங்க. கையெழுத்தோட.”

“எழுதித் தந்தால்...?”

“எழுதுங்க சேர்.”

எழுதினார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப கணக்கை மாத்துவீங்கள்தானே?”

“மாத்துறேன்னு நான் சொல்லவே இல்லைங்களே.”

“என்னை ஏமாத்திப் போட்டீங்கள், பிள்ளை!”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் அன்றைக்கே போனாள். வீரமலைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவள் வாசிக்க, லீக்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டார்.

“பொய் சொல்லி எழுதி வாங்கினியாம்மா?”

“இல்லப்பா. அவரா நெனச்சுக்கிட்டாரு.”

வீரமலை தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, “இன்னொருக்கா படி” என்றார்.

அறிக்கை முழுக் கணக்கோடும் படங்களோடும் போய்ச் சேர்ந்தது. வாங்குபவர்கள் அந்தத் தோட்டத்தை விலக்கினார்கள். தோட்டக் கம்பெனி கனகசபையை வேலையிலிருந்து நீக்கியது. காட்டு மரத்துக்காக வழக்கும் வந்தது. வாஹித் சாட்சி சொல்ல முன்வந்தார்; கனகசபை எழுதிய தாளும் வழக்கில் சேர்ந்தது.

விசாரணை நாளில் வீரமலை சந்தைக்குப் போகவில்லை. கூண்டில் ஏறிய கனகசபை தலையைக் குனிந்துகொண்டார். பின் வாங்கில் உட்கார்ந்திருந்த வீரமலை எழுந்து, முகம் நன்றாகத் தெரியும்படி முன் வாங்குக்கு வந்தார். லக்ஷிகா நகர்ந்து இடம் கொடுத்தாள்.